பூசை ராத்திரி ஷிப்டு

— இல்லீங்கண்ணா, தாளு இருக்குது, ரிப்பன் புதுசு, கரண்டும் இருக்குது. பிரிண்ட் குடுத்தா மட்டும் வரமாட்டேங்குது. செவப்பு லைட்டு ஒண்ணு எரிஞ்சுட்டே கெடக்குது. வெள்ளிக்கெழம சாயங்காலத்துல இருந்து இதே கதிதானுங்க.

— வெள்ளிக்கெழமைல இருந்தா? இன்னைக்குச் செவ்வாய் தங்கச்சி. நாலு நாளா என்ன செஞ்சிக்கிட்டு இருந்திய?

— வெள்ளி ஆயுத பூசை, சனி ஞாயிறு லீவுங்க. நேத்து மோகன்ராஜ் சார்கிட்டச் சொன்னேன். "கெடக்கட்டும் நிர்மலா, பொறவு பாத்துக்கலாம்"னுட்டாரு. இன்னிக்கி அவரு கோயமுத்தூர் போயிட்டாருங்க, அதான் நானே உங்களுக்குப் போனைப் போட்டேன். இசக்கியண்ணா, எப்படியாச்சும் இப்பவே சரி பண்ணிக் குடுங்க.

— மேனேசர் இல்லாத நேரத்துல நீயும் நானும் சர்வர நோண்டுனா அந்தாளு என்னையில்லா வைவாரு. பதினெட்டுக் கம்பெனிக்கு நான் ஒருத்தன் இந்த ராயபுரத்துல உக்காந்து போன்லயே வைத்தியம் பாக்கேன். அப்படி என்ன தலை போற அவசரம்?

— ஒரே ஒரு தாளு வேணுங்கண்ணா. அட்டெண்டன்ஸ் தாளு. அதுக்கு ஒருத்தரு எம்பக்கத்துலயே உக்காந்துட்டு இருக்காரு. நேத்தும் வந்து சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டுப் போனாரு.

— அட்டெண்டன்ஸ ஸ்கிரீன்ல பாத்து எழுதிக் குடுத்துர வேண்டியதுதான?

— நீங்க எழுதிக் குடுத்த புரோகிராம்தானுங்க. ஸ்கிரீன்ல காட்டாது, நேரா பிரிண்டருக்குத்தான் போகும். பேக்கிங் செக்‌ஷன்ல இருக்கறது ஸ்டிக்கர் அடிக்கற மெசினு, அதுலயும் வராது.

— சரி சரி, எம் தலையிலயே கைய வைக்க. பதறாத. பதறுனா சிதறிப் போவும். ரூட்டுல வந்து எல்-பி-ஸ்டாட் அடி. பிரிண்டுக்கு எது எது வரிசையில நிக்குன்னு காட்டும், படி.

— அடிக்கறனுங்க. சித்தெ இருங்க.

— ஏங்கண்ணு, போன்ல ஆரு? மெசினு பாக்கறவருங்களா?

— ஆமாங்கப்பா. இசக்கியண்ணன். நம்ம சர்வருக்கு எது வந்தாலும் அவருதான் பாப்பாரு. இன்னிக்கி எப்படியும் எடுத்துரலாம்ங்க.

— எடுத்துரு சாமி. நாளைக்கு அஞ்சாம் நாளு, புள்ளைக்குக் காரியம். நாளைக்கு இந்தத் தாள எடுத்து நீட்டுனாத்தான் பங்காளிக மூஞ்சில நான் முழிக்க முடியும். சுடுகாட்டுக்கு எடுத்துட்டுப் போன அன்னிக்கே பாதிப் பேரு வல்லீங்க. வந்தவனும் தள்ளி நின்னு வாயப் பொத்தீட்டுப் பேசறான். "ஆயுத பூசை ராத்திரி எந்தக் கம்பெனியில வேலை நடக்குது? நஞ்சப்பன் புள்ள எங்க போயிட்டு விடியக்காலம் வந்துச்சோ"ங்கறாங்க.

— அப்படியெல்லாம் பேசறவங்க வாயில…

— நானே அப்படித்தான் கண்ணு கேட்டேன். "பூசை போட்ட மெசின அன்னிக்கே ஓட்டக்கூடாதே அம்மிணி, நீ ஏன் போற"ன்னு. "ஏத்துமதிக் கோட்டா டிசம்பரோட முடியுதாமுங்கய்யா, சரக்கு போயாகோணுமாம், ஏழு பேர மட்டும் வரச் சொல்லியிருக்காங்க"ன்னா. சோத்துப் போசியத் தூக்கீட்டுப் போனா. காத்தால அஞ்சரைக்கு அனுப்பர்பாளையம் பிரிவுல லாரி அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டான். இந்த மோகன்ராஜு போலீசு டேசன்ல போயி, "அன்னிக்கி கம்பெனி லீவு, அந்தப் புள்ள வேலைக்கே வல்லை"ன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாரு.

— தெரியுங்கப்பா.

— அவ உசுரு போனதுக்குக்கூட நான் ஆரையும் கேக்கல கண்ணு. போன உசுரு போயிருச்சு. ஆனா என்ற புள்ள ராத்திரியெல்லாம் நின்னு பனியன் மடிச்சுட்டு வந்தா. அதைய அப்படியே சொல்லோணும். அவங்கம்மா வேலாத்தா ஊட்ட உட்டு வெளிய வாரதில்ல. தண்ணி எடுக்கக்கூட வாரதில்ல.

— ஏ தங்கச்சி! லைன்ல இருக்கியா? என்னத்த வந்துச்சி?

— இருக்கறனுங்கண்ணா. வரிசையா வருதுங்க. நாப்பத்தி மூணு பிரிண்ட்டு நிக்குது. எல்லாத்துக்கு முன்னாடி நிக்கறது, சனிக்கெழம காலைல ஆறு அஞ்சு. பேரு "நைட்"னு இருக்குது.

— அது நான் போட்டு வச்சதுதான். ராத்திரி ஷிப்டு முடிஞ்சா காலைல ஆறு மணிக்கு அதுவாப் பிரிண்டுக்குப் போவும். அவன்தான் தலைமாட்டுல படுத்துக்கிட்டு அடைக்கான். அவனத் தூக்கிப் போடு. கேன்சல்னு அடிச்சி, ஒரு எடம் விட்டு, அந்த நம்பர அடி.

— அண்ணா, எனக்கு வேண்டியதே அந்தத் தாளுதானுங்க. அதைய ஏன் கேன்சல் பண்ணோணும்? அந்தச் செவப்பு லைட்ட மொதல்ல பாக்கலாங்களா?

— லைட்டெல்லாம் அப்புறம். சனிக்கெழமைல இருந்து தொங்கிக்கிட்டு நிக்கவன் சீரழிஞ்சிருப்பான், அவன அடிச்சா குப்பையாத்தான் வரும். ரோட்டுல முன்னால ஒரு லாரி படுத்துட்டா பின்னால உள்ளதெல்லாம் எப்படிப் போவும்?

— லாரி பேச்சு வேண்டாங்கண்ணா.

— ஏன், என்னாச்சி?

— ஒண்ணுமில்லீங்க. கேன்சல் பண்ணுனா அந்தக் கணக்கு போயிராதுங்களா?

— எங்க போவும்? வார, போற நேரமெல்லாம் சர்வர் பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு. இது அதப் பாத்து எடுத்த நகலு. இத வீசிட்டு மறுபடி குடுத்தா புதுசா வரும். பதினஞ்சு வருசமா இதத்தான செய்யேன். நம்பிச் செய்யி.

— சரிங்க. அடிச்சுட்டேன். போயிருச்சுங்க.

— மீதி நாப்பத்தி ரெண்டையும் தூக்கிரு. யாருக்காவது வேணும்னா திரும்பக் குடுத்துக்கிடட்டும். தூக்கிட்டியா? இப்பம் எல்-பி-ஷட் அடி, பிரிண்டு ஓட்டுத ஷெட்யூலர் நின்னுரும். அடிச்சி ரெண்டு நிமிசம் விடு. அப்புறம் நான் சொல்லும்போது ஷெட்யூலர எழுப்பு.

— என்ன கண்ணு சொல்றாரு? வந்துருமா?

— வந்துருங்கப்பா. வரிசைய அடைச்சுட்டு இருந்ததையெல்லாம் எடுத்துட்டேன். ரெண்டு நிமிசம் பொறுக்கோணும்ங்க.

— பொறுத்துக்கறேன். அந்தத் தாளுல என்னன்னு இருக்கும் சாமி? எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாது.

— டோக்கன் நம்பரு, பேரு, ராத்திரி எத்தன மணிக்கு உள்ள வந்தாங்க, காத்தால எத்தன மணிக்கு வெளிய போனாங்கன்னு இருக்கும்ங்க. கடைசில "பி"ன்னு ஒரு எழுத்து இருக்கும். பி-ன்னா வேலைக்கு வந்திருக்காங்கன்னு அர்த்தம். நான் அது மேல கம்பெனி சீல் வெச்சுத் தாரேன்.

— மோகன்ராஜு வந்து உன்னைய ஏதாச்சும் சொல்லீட்டார்னா?

— தாள அவரே தாரேன்னுதானுங்களே உங்ககிட்ட நேத்துச் சொன்னாரு. "மெசின் சரியாகட்டும், வாங்கிக்கங்க"ன்னாரு. மெசின் சரியாயிருச்சு, குடுத்துட்டேன்னு சொல்லிக்கறேன்.

— நீயாச்சும் மனசோட பண்றயே. செக்கிங்ல இருக்கற புள்ளைக ஒண்ணொண்ணையும் கேட்டுப் பாத்துட்டேன் கண்ணு. "அமராவதிகூட அன்னிக்கி ஆராரு வந்தீங்க, உங்க காலுல வேண்ணாலும் விழுகறேன், ஒருத்தராச்சும் வந்து எங்கூர்ல ஒரு வார்த்த சொல்லுங்க"ன்னு. அத்தனையும் தலையக் குனிஞ்சுக்குதுக.

— அவிங்களுக்கும் பயமிருக்கும்லங்கப்பா. வேலைய நம்பித்தான ஊட்ல அடுப்பெரியுது. தாளு வந்துருச்சுன்னா ஆரும் வாயத் தொறக்க வேண்டியதில்ல. தாளே சொல்லீரும். அதுக்குத்தான் நானும் இந்தப் பாடு படறேன்.

— ரெண்டு நிமிசம் ஆச்சி தங்கச்சி. எல்-பி-ஷெட் அடி. எனேபிள் குடு. இப்பம் அந்த அட்டெண்டன்ஸ புதுசாக் குடு.

— குடுத்துட்டேனுங்க. இல்லீங்கண்ணா. அசையவே மாட்டேங்குது. வரிசைல ஒண்ணுதான் நிக்குது, அதும் நகரல.

— என்ன கூத்துடா இது. செவப்பு லைட்டு எரியுதுன்னியே, எதுக்கு நேரா எரியுது?

— "பேப்பர் அவுட்"னு எழுதியிருக்குதுங்க. அதைத்தானுங்க மொதல்லயே சொன்னேன்.

— எந் தப்புதான், விடு. தாளு இருந்தும் இல்லேங்கான். மூடியத் தொற. தாளு போற வழியில எடது பக்கமா நெல்லு மணி சைசுல ஒரு கண்ணாடி இருக்கும். அதுதான் தாள் இருக்கான்னு பாக்கும். அது மேல தூசி கீசி இருக்கா?

— சித்தெ இருங்க. அய்யோ. அண்ணா, அதும் மேல சந்தனம் அப்பியிருக்குதுங்க. நடுவுல குங்குமம். காஞ்சு போயி ஓடாட்டம் ஒட்டீட்டு இருக்குது.

— பூசை போட்டியளாக்கும்! வருசா வருசம் இதே சோலி. போன வருசம் ஒருத்தன் பிளாப்பி போடுத வாய்க்குள்ள பொரிகடல தள்ளி வச்சிருந்தான். பொட்டு வைக்க ஒங்களுக்கு வேற எடமே கெடைக்காதா? ஈரத்துணிய வச்சிப் பையத் தொட.

— என்ன கண்ணு, சந்தனமா?

— ஆமாங்கப்பா. இதுதான் மறைச்சுட்டு இருந்துருக்குது. வெள்ளிக்கெழம பூசைல மெசினுக்கெல்லாம் பொட்டு வெச்சது… அமராவதிதானுங்க. "பிரிண்டர் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு"ன்னு உள்ளுக்குள்ள கைய உட்டு வெச்சா.

— அவ வெரலா?

— ஆமாங்க.

— நீ தொடைக்காத சாமி. இந்தப் பக்கம் வா. நாந் தொடைக்கறேன். தண்ணி வேண்டாம், என்ற துண்டு இருக்குது. துண்டுலயே எடுத்துக்கறேன். இப்படித்தான் ஊட்லயும், சாமி படத்துல மூஞ்சி தெரியாத அளவுக்கு அப்பி வெப்பா. அவங்கம்மா வைவா. பாரு, வெரல் ரேகைகூடப் பதிஞ்சிருக்குது.

— அழுவாதீங்கப்பா.

— அழுவலை கண்ணு. வந்துருச்சு பாரு, துண்டுல. இதைய இப்படியே முடிஞ்சு வெச்சுக்கறேன். வேலாத்தாகிட்டக் குடுக்கலாம். நீ பாரு கண்ணு, நான் வெளிய போயி மூஞ்சி கழுவீட்டு வாரேன்.

— அண்ணா, தொடைச்சாச்சுங்க. லைட்டு பச்சையாயிருச்சு! அடிக்குதுங்க, சத்தம் கேக்குதுங்களா?

— கேக்குது கேக்குது. அப்பாடா. மொதல்லயே அதத் தொடச்சிருந்தா நாப்பத்தி மூணும் தானா வந்திருக்கும், எனக்குத்தான் கூறு இல்லாமப் போச்சி. சரி, தாளு வந்துட்டுல்லா, குடுத்து அனுப்பு. வச்சிருதேன்.

— இருங்கண்ணா. வெச்சராதீங்க. இதென்னமோ தப்பா வந்திருக்குதுங்க. அமராவதிக்கு பி-ன்னு வல்லீங்க. ஏ-ன்னு வந்திருக்குது. நேரமெல்லாம் காலியா இருக்குது.

— வரலேன்னாதான் ஏ. அன்னைக்கு லீவு போட்டிருப்பா.

— அவ வந்தாங்கண்ணா! அவளுக்கு மட்டுமில்லீங்க, ஏழு பேருக்கும் ஏ. பக்கத்துல ஒவ்வொண்ணுலயும் சின்னதா ஒரு பூவாட்டம் இருக்குது.

— பூவா? நட்சத்திரமா?

— நட்சத்திரம்தானுங்க.

— நம்பரப் படி.

— நூத்திப் பன்னெண்டு. எரநூத்தி முப்பத்தெட்டு. நானூத்திப் பதினேழு, இதுதான் அமராவதி. நானூத்திப் பதினெட்டு…

— ஐநூத்தி மூணு. ஐநூத்தி இருவத்தொம்பது. அறுநூத்திப் பதினொண்ணு.

— உங்களுக்கு எப்படிங்கண்ணா தெரியும்?

— நேத்து மத்தியானம் மோகன்ராஜ் சார் போன்ல சொன்ன நம்பரும்மா. "பூசை அன்னைக்கு மெசின் தொடைக்க வந்த பிள்ளைங்க வெளாட்டுக்குக் கார்டத் தேச்சிட்டுப் போயிட்டாங்க, ஏழையும் ஏ போட்டுரு இசக்கி"ன்னாரு. நான் இங்க இருந்தே மோடம் வழியா சர்வருக்குள்ள புகுந்து மாத்திட்டேன். மாத்துன வரிக்குப் பக்கத்துல அந்த நட்சத்திரம் விழும். வாரத்துக்கு அம்பது நம்பர் இப்படி மாத்துதேன், பேரு எவனும் சொல்லுததில்ல, நானும் கேக்கதில்ல. ஏன், அந்தப் பிள்ளைக்கு என்ன?

— செத்துப் போயிட்டாங்கண்ணா. அந்த ஷிப்ட முடிச்சுட்டு நடந்து போறப்ப லாரி அடிச்சுச் செத்துப் போயிட்டா. ராத்திரி எங்க போனாளோன்னு ஊரே அவ பேர நாறடிக்குது. எம்பக்கத்துல உக்காந்துருந்தது அவளப் பெத்தவருங்க.

— எங்கம்மா… எனக்குத் தெரியாதே தங்கச்சி. சத்தியமாத் தெரியாதே.

— கார்டு தேய்க்கற மெசின்ல பழசு இருக்காதுங்களா?

— பெட்டிக்கு எறக்குன ஒடனே அது அழிஞ்சிரும். நகல் எடுத்து வைக்குத டேப்பும் வெள்ளிக்கெழம மத்தியானம் எடுத்ததோட சரி. ஆனா…

— ஆனா என்னங்க?

— அந்த மொதத் தாளு. சனிக்கெழம ஆறு அஞ்சுக்கு வந்து நின்னதுல்லா, நான் மாத்துனது அதத் தொடாது. அதுல பி-ன்னுதான் இருந்திருக்கும். நேரமெல்லாம் இருந்திருக்கும். அத ஒன் கையால தூக்கிப் போடச் சொன்னது நாந்தாம்மா.

— கேன்சல்னு அடிச்சது என்ற கைதானுங்கண்ணா.

— தங்கச்சி, கேக்கியா? இப்பவே உள்ள போயி ஏழையும் பி-ன்னு மாத்தித் தாரேன். அந்தாளு என் சோலியப் புடுங்குனாப் புடுங்கட்டும்.

— மறுக்காவும் நட்சத்திரம் விழுகும்லங்கண்ணா?

— விழும். இன்னைக்குத் தேதியோட விழும்.

— அதைய நீட்டுனா, "செத்தவளுக்குப் பரிஞ்சு திருத்தி வாங்கீட்டு வந்துட்டான்"ம்பாங்க. இருக்கற பேரும் போயிரும். வேண்டாங்க.

— அப்பம் தாளால ஒண்ணும் ஆவாது. அன்னைக்குக் கூட இருந்தவங்க எவளாவது வாயத் தொறந்தாத்தான் உண்டு.

— தொறந்தா அன்னிக்கே வேலை போயிரும்னு, சனிக்கெழம காத்தாலயே ஒவ்வொருத்தரு ஊட்டுக்கும் போயிச் சொல்லீட்டு வந்துட்டாருங்கண்ணா.

— அது ஒனக்கு எப்படித் தெரியும்?

— போனை வெக்கறனுங்கண்ணா.

— மூஞ்சி கழுவீட்டு வந்துட்டேன் கண்ணு, பேசி முடிச்சுட்டயா? தாளு வந்துருச்சுல்ல? நல்லா நீளமா வந்திருக்குது. என்ற புள்ள பேரு எங்கிருக்குதுன்னு காட்டு சாமி, நான் தொட்டுப் பாத்துக்கறேன். அப்பறம் சீல வெச்சுக் குடு, அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போனாத்தான் இருட்டறதுக்குள்ள ஊட்டுக்குப் போக முடியும்.

— அப்பா, இந்தத் தாளு வேண்டாங்க. இதுல பொய் இருக்குது. அவ வேலைக்கு வல்லைன்னு மாத்திப் போட்டுட்டாங்க. உண்மைய வெச்சுட்டு இருந்த தாளு ஒண்ணு இருந்துச்சு, அதைய நானே தெரியாம அழிச்சுப் போட்டேன்.

— அப்ப… நாளைக்கு நான் என்னத்தக் காட்டுவேன் கண்ணு? வேலாத்தாகிட்டப் போயி என்னன்னு சொல்லுவேன்? ஆரு வந்து சொல்லுவாங்க எங்களுக்காக?

— நான் வாரனுங்கப்பா. நாளைக்குக் காரியத்துக்கு வந்து, பங்காளிக அத்தன பேரு முன்னாலயும் நின்னு சொல்றேன். இந்தாங்க, இங்க பாருங்க, ஏழாவது நம்பரு, அறுநூத்திப் பதினொண்ணு. அது என்ற நம்பருங்க, அன்னிக்கி நானும் அவகூட நின்னு மடிச்சேன். நானும் உங்களப் பாத்துத் தலையக் குனிஞ்சவதான்.